லைசென்ஸ் வாங்கிய பசங்களை மறுபடியும் பயிற்சிக்கு வரவைப்பது எப்படி?

கேள்வி இதுதான். சேலத்தில் ஒரு நண்பர்கள் குழு, லைசென்ஸ் எடுத்து ஓரிரு வருடம் ஆன இளைஞர்களுக்காக மேம்பட்ட ஓட்டுநர் பயிற்சி முகாம் ஒன்றை நடத்தியது. ஞாயிற்றுக்கிழமை, இலவசம், மதியச் சாப்பாடும் உண்டு. வந்தவர்களில் பாதிப் பேர் நாற்பதைத் தாண்டியவர்கள். மீதிப் பேர் அப்பா இழுத்துக்கொண்டு வந்த பிள்ளைகள். "எந்தப் பசங்களுக்காக நடத்தினோமோ அவர்கள் அன்றைக்கு ஏற்காட்டுக்கு ரைடு போய்விட்டார்கள். இவர்களை எப்படி வரவைப்பது? முதலில் இந்தப் பயிற்சியால் உண்மையிலேயே பயன் உண்டா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் தெரியாமல் ஆள் சேர்த்தால் தப்பான பயிற்சிக்கு ஆள் சேர்த்துவிடுவோம்.

பயிற்சி கொடுத்தால் விபத்து குறையும் என்று சொன்னால் யாரும் தலையாட்டுவார்கள். ஆராய்ந்து பார்த்தவர்கள் அவ்வளவு சீக்கிரம் தலையாட்டவில்லை. நார்வேயில் வழுக்குச் சாலையில் வண்டியைக் கையாளும் பயிற்சியைப் புது ஓட்டுநர்களுக்குக் கட்டாயமாக்கினார்கள். 1988இல் வந்த ஆய்வு, அந்தப் பயிற்சிக்குப் பிறகு இளம் ஆண்களுக்கு வழுக்குச் சாலை விபத்து கூடியிருக்கிறது என்றது. காரணம் நமக்கும் புரியும். சறுக்கினால் சமாளிக்கத் தெரியும் என்ற நினைப்பு வந்தவன் சறுக்குகிற இடத்திலும் வேகத்தைக் குறைக்க மாட்டான். ஸ்வீடனில் 1996இல் இதை இன்னும் நுணுக்கமாகச் சோதித்தார்கள். இளைஞர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு அணிக்கு அவசரத்தில் பிரேக் போட்டு விலகும் கைத்திறனைச் சொல்லிக்கொடுத்தார்கள். மற்ற அணிக்கு, அந்த இடத்தில் தங்கள் கைத்திறன் எவ்வளவு சீக்கிரம் காலை வாரிவிடும் என்பதை அனுபவிக்க வைத்தார்கள். பிறகு சோதித்தபோது திறமையில் இரண்டு அணிக்கும் வித்தியாசம் இல்லை. 'நான் நன்றாக ஓட்டுவேன்' என்ற எண்ணம்தான் முதல் அணிக்குக் கூடியிருந்தது. லைசென்ஸுக்குப் பிந்தைய பயிற்சிகள் பற்றிய ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்த காக்ரேன் அமைப்பும், இவற்றால் விபத்து குறைகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றே சொன்னது.

அப்படியானால் விட்டுவிடலாமா? வேண்டாம். ஆஸ்திரியாவைப் பாருங்கள். 2003 முதல் அங்கே லைசென்ஸ் கைக்கு வந்த பிறகும் கார் ஓட்டும் புதியவரை விடுவதில்லை. முதல் வருடத்துக்குள் பயிற்சியாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு முறை சாலையில் ஓட்டிக் காட்ட வேண்டும். ஒரு நாள் மைதானப் பயிற்சி உண்டு. அதோடு உளவியல் படித்த ஒருவரோடு உட்கார்ந்து, நாம் ஏன் இப்படி ஓட்டுகிறோம் என்று குழுவாகப் பேசவும் வேண்டும். இளைஞர் விபத்து குறைந்ததாக அங்கே பதிவாகியிருக்கிறது. கைக்குக் கொடுப்பதைவிடக் கண்ணுக்கும் முடிவெடுக்கும் புத்திக்கும் அதிகம் கொடுக்கிற பயிற்சி பலிக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். பல வருடம் சொல்லிக்கொடுத்ததில் நான் பார்த்ததும் அதுதான்.

ஆக, உங்கள் வேலை கொஞ்சம் தந்திரமானது. பையன் வருவது அவனுடைய கெத்துக்காக. வந்த இடத்தில் அந்தக் கெத்தின் எல்லையை அவனே பார்த்துவிட்டுப் போக வேண்டும். வரவைப்பதற்கு ஒரு வழி, கற்றுக்கொடுப்பதற்கு வேறு வழி. இரண்டையும் ஒன்றாக்கி, 'பாதுகாப்பாக ஓட்டுவோம், பத்திரமாக வீடு திரும்புவோம்' என்று பேனர் அடித்தால் அப்பாக்கள்தான் வருவார்கள். ஓட்டத் தெரியாது என்று ஒப்புக்கொண்டால்தான் உள்ளே போக முடியும் என்கிற வாசலில் இருபது வயதுப் பையன் ஏன் நுழையப் போகிறான்?

விபத்துப் படம் காட்டிப் பயமுறுத்துவதையும் விட்டுவிடுங்கள். ஒன்றிய அரசின் கணக்கில் 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் ஏறக்குறைய 45 சதவீதம் இருசக்கர வாகனத்தில் வந்தவர்கள். அந்த வருடம் விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. நன்கொடை கேட்கப் போகும்போது இந்த எண்கள் கைகொடுக்கும். பையனிடம் சொன்னால், 'அது ஓட்டத் தெரியாதவனுக்குண்ணா' என்பான். ரத்தப் படத்தைக் காட்டினால் அடுத்த நொடி செல்போனைப் பார்ப்பான்.

இங்கிலாந்தில் இதே தலைவலி ரொம்ப நாளாக இருக்கிறது. 1930களில் லண்டன் போலீஸ், தன் ஓட்டுநர்களின் விபத்துகளைக் குறைக்க ஹெண்டனில் ஒரு பள்ளி தொடங்கியது. ரேஸ் ஓட்டிப் பழகிய ஒரு பிரபுவை அழைத்து முறையை வகுத்தார்கள். முதலில் சாலையைப் படி, பிறகு வண்டியை ரோட்டில் சரியான இடத்துக்குக் கொண்டு வா, பிறகு வேகம், பிறகு கியர், கடைசியில்தான் ஆக்ஸிலரேட்டர் என்ற வரிசை அங்கிருந்து வளர்ந்ததுதான். 1956இல் பொதுமக்களும் அந்தத் தரத்தில் ஓட்டிக் காட்டிச் சோதனையில் தேறலாம் என்று ஒரு சங்கம் ஏற்பட்டது. இன்னொரு அமைப்பு தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் பிரித்துக் கொடுக்கிறது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுபடி சோதனை உண்டு. இந்த யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் கொடுத்தால் டிராயரில் போடுவான். வெள்ளிதான் கிடைத்தது, கூட வந்தவனுக்குத் தங்கம் என்றால் அடுத்த வாரமே திரும்பி வந்து நிற்பான்.

இன்னொரு விஷயத்தில் அவர்களுக்கு இருக்கும் வசதி நமக்கு இல்லை. அங்கே இளம் ஓட்டுநரின் இன்சூரன்ஸ் கட்டணம் எக்கச்சக்கம். அதனால், பயிற்சி பெற்றால் பிரீமியம் குறையலாம் என்று சொல்லி இழுக்கலாம். இங்கே மூன்றாம் தரப்புப் பிரீமியம் வண்டியின் சிசியைப் பொறுத்தது. ஓட்டுபவனுக்குப் பத்தொன்பது வயதா, ஐம்பதா என்று அது பார்ப்பதில்லை. எனவே பணம் மிச்சமாகும் என்று ஆசை காட்ட நம்மிடம் பெரிதாக எதுவும் இல்லை.

நம்மிடம் இருப்பது மலை.

சேலம் பையனுக்கு ஏற்காட்டு ரோடு என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி. அதை யார் எவ்வளவு சுத்தமாக ஏறி இறங்குகிறார்கள் என்பதுதான் அவர்கள் பேச்சே. 'கொண்டை ஊசியில் சரியான லைன் எது? இறங்கும்போது பிரேக் ஏன் காய்கிறது? மலை ரூட்டில் காலமெல்லாம் பஸ் ஓட்டியவரோடு ஒரு காலைப் பொழுது' என்று அழைப்பு அனுப்பிப் பாருங்கள். இதில் பாதுகாப்பு என்ற சொல்லே இல்லை, ஆனால் எல்லாம் அதுதான்.

ஆனால் மலைக்கு நேராகக் கூட்டிப் போகாதீர்கள். முதல் பாதி நாள் மூடிய மைதானத்தில். ஏதாவது கல்லூரி மைதானமோ, வண்டி நடமாட்டம் இல்லாத தார்த் தளமோ, முறையாக அனுமதி வாங்கி எடுத்துக்கொள்ளுங்கள். நான் எப்போதும் தொடங்குவது ஒரே ஒரு கோனோடு. பையனிடம் கோனைக் கொடுத்து, 'நாற்பதில் வா, இந்தக் கோட்டில் நான் கொடியைக் காட்டுவேன், நீ எங்கே நிற்பாயோ அங்கே இதை வை' என்பேன். அவன் நடந்துபோய் வைப்பான். பெரும்பாலும் ஏழெட்டு மீட்டரில் வைப்பான். நண்பர்கள் 'இன்னும் கிட்ட வைடா' என்று கத்துவார்கள். பிறகு ஓட்டி வருவான். கொடியைப் பார்த்து, மூளைக்கு உறைத்து, விரல் லீவரைத் தொடும் அந்த ஒரு வினாடியிலேயே வண்டி பதினொரு மீட்டர் போய்விடும், கிட்டத்தட்ட ஒரு பஸ் நீளம். பிரேக் பிடிக்கத் தொடங்கும்போதே கோன் பின்னால் போயிருக்கும். நின்ற இடம் இருபது மீட்டரைத் தாண்டியிருக்கும். நான் ஒன்றும் சொல்வதில்லை. டேப்பை நீட்டி அளக்கச் சொல்வேன், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு கணக்கு சொன்னால் காதில் ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தூரம் நான்கு மடங்கு என்பது பள்ளியிலேயே படித்ததுதான். அதை இப்படிச் சொல்லுங்கள்: உலர்ந்த நல்ல ரோட்டில் அறுபதில் ஒருவன், எண்பதில் ஒருவன், இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் வருகிறார்கள். முன்னால் மாடு குறுக்கே வருகிறது, இருவரும் ஒரே நொடியில் பார்க்கிறார்கள், ஒரே மாதிரி பிரேக் போடுகிறார்கள். அறுபதில் வந்தவன் மாட்டுக்கு ஒரு சாண் முன்னால் நிற்கிறான். எண்பதில் வந்தவன் மாட்டை அடிக்கும்போது அவன் வேகம் எவ்வளவு? இருபது என்பார்கள், முப்பது என்பார்கள். விடை ஏறக்குறைய அறுபது. முதலாமவன் எந்த வேகத்தில் வந்துகொண்டிருந்தானோ அந்த வேகம். இன்ஜினியரிங் படிக்கும் பையன்கள் நம்பாமல் அங்கேயே போனில் கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள். போடட்டும்.

அடுத்தது முன் பிரேக். நம் ஊரில் பாதிப் பேர் முன் பிரேக்கைத் தொடவே பயப்படுவார்கள். 'முன்னாடி பிடிச்சா தூக்கி அடிச்சிரும்' என்று யாரோ சொல்லி வைத்திருப்பார்கள். பிரேக் போட்டால் எடை முன் சக்கரத்துக்குத்தான் போகிறது. அதனால் வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துடையது. வெடுக்கென்று பிடிக்காமல் அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டிப் பழக வேண்டும். 2019 ஏப்ரலில் இருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கெல்லாம் ஏபிஎஸ், அதாவது பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு, கட்டாயம். ஆனால் அது வேலை செய்யும்போது லீவர் துடிப்பதைப் பலர் ஒருமுறைகூட உணர்ந்ததில்லை. துடித்தவுடன் பயந்து விட்டுவிடுகிறார்கள். மைதானத்தில் ஒருமுறை உணர்ந்துவிட்டால் அந்தப் பயம் போய்விடும். ஆனால் இதில் இவ்வளவுதான். வீலிங், டிரிஃப்ட், சறுக்கிப் பிடிப்பது எதையும் தொடாதீர்கள். வேகம் வேண்டும் என்று தவிக்கிற பையனுக்குக் கோவை செட்டிப்பாளையத்திலும் சென்னை இருங்காட்டுக்கோட்டையிலும் பந்தயத் தடம் இருக்கிறது என்று வழி காட்டுங்கள். அங்கே எதிரே லாரி வராது.

இனி மலை. இங்கே கற்றுக்கொடுக்க வேண்டியது நிறைய இருக்கிறது, அவர்களும் கேட்பார்கள்.

முதலில் வளைவைப் படிப்பது. வளைவுக்குள் போகும்போது சாலையின் இடது ஓரமும் வலது ஓரமும் தூரத்தில் ஒன்று சேர்வதுபோல ஒரு புள்ளி தெரியும். அந்தப் புள்ளி உன்னை நோக்கி நெருங்கி வந்தால் வளைவு இறுகுகிறது, வேகம் அதிகம். நீ போகப் போக அதுவும் அதே வேகத்தில் தள்ளிப் போனால் சரி. விலகி ஓடினால் வளைவு விரிகிறது, மெதுவாக ஆக்ஸிலரேட்டர் கொடுக்கலாம். இதைச் சொன்ன நாளில் இருந்து பையன்கள் டயருக்கு முன்னால் ரோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்கத் தொடங்குவார்கள். அதன் கூடவே ஒரு விதி: கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள், தன் பக்கத்திலேயே நின்றுவிட முடிகிற வேகம்தான் வேகம். நாகலூர் பக்கம் எஸ்டேட் வழியாகப் போகும் குறுகல் ரோட்டில் அதில் பாதி தூரத்துக்குள். ஏனென்றால் எதிரே வருகிறவனுக்கும் நிற்க இடம் வேண்டுமே.

கொண்டை ஊசியில் பஸ்ஸை முன்னால் விட்டு, கொஞ்சம் தள்ளி நின்று வேடிக்கை பார்க்கச் சொல்லுங்கள். ஏறும் பஸ் இடது கையில் மடங்கும் ஊசியில் திரும்ப, எதிர்ப் பக்கம் உட்பட முழு ரோட்டையும் எடுத்துக்கொள்ளும். வேறு வழியே இல்லை. இறங்குகிறவன் வளைவுக்குள் வந்த பிறகு பஸ்ஸைப் பார்த்தால் போவதற்கு இடம் இருக்காது. வளைவுக்கு மேலேயே நின்று, அது திரும்பி முடித்த பிறகு இறங்க வேண்டும். இடம் போதாத மலை ரோட்டில் ஏறும் வண்டிக்கே முதல் வழி என்பது சட்டமும்கூட. நின்ற வண்டியை ஏற்றத்தில் மறுபடி எடுப்பதில் உள்ள கஷ்டம் தெரிந்தவர்கள் போட்ட விதி அது.

இன்னொன்று, பைக்காரர்கள் யாரும் யோசிக்காதது. வலது வளைவில் சாய்ந்து திரும்பும்போது சக்கரம் தன் பக்கத்தில்தான் இருக்கும். ஆனால் சாய்ந்த தலையும் தோளும் நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப் பக்கத்தில் இருக்கும். வண்டி தன் லைனில் சரியாக இருக்க, தலை மட்டும் எதிரே வரும் பஸ்ஸின் பாதையில். சாக்பீஸால் கோடு போட்டு, நிற்கும் வண்டியைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினால் சட்டென்று புரியும். அன்றைக்கு இதைப் பார்த்தவன் அதற்குப் பிறகு வலது வளைவில் நடுக்கோட்டை ஒட்டிப் போவதில்லை.

இறக்கத்துக்கு பஸ் டிரைவர்களின் பழைய கணக்கு ஒன்று உண்டு: எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. எஞ்சின் பிடித்துக்கொள்ளும், பிரேக் ஓய்வெடுக்கும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இந்த வசதி மிகக் குறைவு. வேகம் குறைந்தால் கிளட்ச் விட்டுவிடும், அப்புறம் முழுப் பாரமும் பிரேக்கில்தான். பின்னால் ஒரு ஆளை வைத்துக்கொண்டு ஏற்காட்டிலிருந்து பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் பாதி வழியிலேயே தீய்ந்த வாடை வரும், லீவர் கைப்பிடி வரை வரும். விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும், நடுவில் நிறுத்தி ஆறவிட வேண்டும். டிஸ்க் பிரேக் வண்டியில் பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் கலந்த பழைய ஆயில் சூட்டில் சீக்கிரம் கொதித்துக் குமிழி விடும். குமிழி வந்தால் லீவர் பஞ்சு மாதிரி அமுங்கும், பிரேக் பிடிக்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்று என்று கையேட்டில் போட்டிருப்பார்கள், யார் படிக்கிறார்கள்.

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்கும் பழக்கத்தையும் அங்கேயே உடைத்துவிடுங்கள். தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடப்பதை நம் ஊர்ப் பையன்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தருமபுரியிலிருந்து இறங்கும் அந்தச் சரிவில் எஞ்சின் பிடியில்லாமல் பிரேக்கை மட்டும் நம்பி வரும் வண்டிதான் இரட்டைப் பாலத்துக்குக் கிட்டே அடங்காமல் போகிறது. மிச்சமும் இல்லை. இப்போதைய இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் கியரில் வைத்து ஆக்ஸிலரேட்டரை விட்டால் எரிபொருளே போகாது. நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்கு எண்ணெய் குடிக்கும்.

இதெல்லாம் வளைவும் சரிவும். ஆனால் நம் பசங்கள் அதிகம் விழுவது மலையில் அல்ல, சமவெளியில். அதற்கு என்னிடம் உள்ள சிறந்த மருந்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுவது. அந்த இங்கிலாந்துப் போலீஸ் முறையிலேயே இது உண்டு. கண் பார்ப்பதை வாய் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். காரில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டும், பைக்கில் ஹெல்மெட் இன்டர்காம் இருந்தால் அதிலும் செய்யலாம்.

அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு வழியாக அடிவாரம் போகும் ரோட்டில் ஒரு பையன் முதலில் இப்படிச் சொல்வான்: "பஸ் நிக்குது. ஆட்டோ. ரைட்டு. ஃப்ரீயா இருக்கு." அவ்வளவுதான் தெரிகிறது அவனுக்கு. அதே இடத்தில் பழகிய ஆள் சொல்வது வேறு: "இடதில் ஆட்டோ நிற்கிறது, முன் சக்கரம் ரோட்டுப் பக்கம் திரும்பியிருக்கிறது, டிரைவர் உள்ளே இருக்கிறார், கிளம்பலாம். பஸ்ஸுக்கு அடியில் கால்கள் தெரிகின்றன, யாரோ முன்னால் சுற்றி வருகிறார். டீக்கடை முன்னால் சைடு ஸ்டாண்டு எடுத்த பைக், ஆள் கண்ணாடி பார்க்கவில்லை. எதிரே வரும் காருக்குப் பின்னால் ஒரு ஹெட்லைட் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது, மறுபடி வெளியே வருவான். நான் கொஞ்சம் வலதில், நாற்பதிலிருந்து முப்பது." இது மாயம் இல்லை, பழக்கம். ஒரு மணி நேரத்தில் பையன் பாதி வந்துவிடுவான். வேகத்தைக் குறை என்று நீங்கள் ஒருமுறைகூடச் சொல்லியிருக்க மாட்டீர்கள். சொல்வதற்கு இவ்வளவு இருக்கும்போது எண்பதில் போனால் வாய் ஈடு கொடுக்காது, அவனாகவே குறைப்பான்.

சேலம் – உளுந்தூர்ப்பேட்டை ரோட்டில் வாழப்பாடி, ஆத்தூர் புறவழிகளில் நான்குவழி திடீரென்று இருவழியாகக் குறுகும் இடங்கள் பல வருடம் எமனாக இருந்ததற்குக் காரணமும் இதுதான். நூறில் வந்த கண், எதிரே வண்டி வர முடியும் என்பதையே மறந்திருக்கும். பலகையைப் பார்த்தும் படிக்காமல் போய் ஓவர்டேக் எடுப்பார்கள். வாயில் 'டிவைடர் முடிகிறது' என்று வந்துவிட்டால் கை தானாக நிற்கும்.

சரி, ஆள் சேர்ப்புக்கு வருவோம். தனித்தனியாக யாரையும் கூப்பிடாதீர்கள், செட்டாகக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு செட்டிலும் ஒருவன் இருப்பான், மற்றவர்கள் வண்டி வாங்குவதற்கு முன்னால் அவனிடம்தான் கேட்பார்கள். அவனைப் பிடித்தால் போதும். இளம் ஓட்டுநரோடு அதே வயது நண்பர்கள் ஏறினால் ஆபத்து கூடுகிறது என்பது பல நாடுகளில் பார்த்த உண்மை. நியூசிலாந்து 1987இலேயே புதியவர்கள் நண்பர்களை ஏற்றிச் செல்வதற்கும் இரவில் ஓட்டுவதற்கும் தடை வைத்து லைசென்ஸ் கொடுக்கத் தொடங்கியது. நம் ஊரில் 'முறுக்குடா மாப்ள' என்று பின்னால் இருந்து வரும் குரல்தான் பாதி விபத்துக்கு ஆக்ஸிலரேட்டர். அதனால் பின்னால் உட்காருகிறவனுக்கும் பயிற்சி கொடுங்கள். சாலையைச் சொல்லும் வேலையை அவனிடம் விடுங்கள். ஓட்டுகிறவன் எதை விட்டான் என்று மதிப்பெண் போடும் பேப்பரும் அவன் கையில் இருக்கட்டும். கிண்டல் அடிக்கிற வாய்க்கு வேலை கிடைத்துவிடும்.

பெண் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். காலேஜுக்கும் வேலைக்கும் ஸ்கூட்டரில் போகும் பிள்ளைகள் இந்த ஊரில் ஏராளம். அண்ணனோ அப்பாவோ தெருவில் இரண்டு நாள் பிடித்து விட்டதுதான் பலருக்கும் மொத்தப் பயிற்சி. ஐந்து ரோடு மாதிரி இடத்தில் எங்கே நிற்பது, பஸ்ஸின் இடது பக்கம் ஏன் நுழையக் கூடாது என்று யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். பையன்களோடு கலந்து வைத்தால் பின்னால் ஒதுங்கி நிற்பார்கள். முதல் சில வாரம் தனி நேரம் கொடுங்கள், முடிந்தால் பெண் பயிற்சியாளர். தயக்கம் போய்விட்டால் கோன் பரிசோதனையில் பையன்களைவிடச் சரியாக மதிப்பிடுகிறவர்கள் அவர்கள்தான்.

வீட்டுக்காரர்களிடம் பேசும் நேரம் ஒன்றே ஒன்றுதான், வண்டி வாங்கித் தரும் நேரம். ஒன்றரை, இரண்டு லட்சம் போட்டு பைக் வாங்கிக் கொடுக்கிற அப்பா, அதே வாரத்தில் பயிற்சிக்கும் சேர்த்துவிட்டால் பையன் வாயைத் திறக்க மாட்டான். சாவி கைக்கு வந்து ஆறு மாதம் போனால் அந்தப் பிடி போய்விடும். பதினெட்டு நிரம்பாத பிள்ளைக்கு கியர் வண்டியைக் கொடுத்துவிட்டு உங்களிடம் 'பயிற்சி கொடுங்கள்' என்று வருகிற பெற்றோரை மட்டும் சேர்க்காதீர்கள். 2019 திருத்தச் சட்டத்தின் 199ஏ பிரிவில், சிறுவன் செய்யும் குற்றத்துக்குப் பெற்றவருக்கே மூன்று வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஒரு வருடம் ரத்து, பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. இதைச் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

'எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கியாச்சு, இன்னும் என்ன' என்று கேட்பார்கள். எட்டில் சோதிப்பது காலை ஊன்றாமல் வண்டியை உருட்டத் தெரியுமா என்பதைத்தான். முதல் கியரைத் தாண்ட வேண்டியதே இல்லை. 2021இல் வந்த ஒன்றிய அரசு விதியில் அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்குக் கார் பயிற்சி நான்கு வாரத்தில் 29 மணி நேரம் என்று வைத்திருக்கிறார்கள். ஒரு தொடக்கத்துக்கே இவ்வளவு என்று அரசு சொல்கிறது என்பதை எடுத்துக்காட்டலாம்.

யார் சொல்லிக்கொடுப்பது என்பது முக்கியம். ஏற்காடு ரூட்டில் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் கையில் உள்ளது எந்தப் பள்ளியிலும் கிடைக்காது. ஆனால் எல்லாருக்கும் சொல்லித்தர வராது. 'எங்க காலத்துல' என்று தொடங்குகிறவரை மேடையில் ஏற்றாமல் வண்டியில் ஏற்றுங்கள். ஓட்டிக் காட்டும்போது அவர் பேசவே வேண்டாம். கூடவே இருபத்தைந்து, முப்பது வயதில், ஒழுங்காக ஓட்டுகிற, பசங்கள் மதிக்கிற ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வழக்கமாகத் திட்டுகிறவர் யாராக இருந்தாலும் வேண்டாம்.

கடைசியாக நடைமுறை. இலவசமாக நடத்தாதீர்கள். ஒரு டேங்க் பெட்ரோல் காசாவது வாங்குங்கள், இலவசத்துக்குப் பெயர் கொடுத்தவன் மழை தூறினாலே வர மாட்டான். முதல் அணியில் எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம், சாலையில் ஒருவர் பின்னால் ஒருவராக நீளமாகப் போனால் பயிற்சி ஊர்வலமாகிவிடும். சனி, ஞாயிறும் மே மாதக் கோடை விழா சமயமும் மலைக்கு ஆகாது. வார நாளில் விடிந்தும் விடியாமல் ஏறுங்கள், கல்லூரிக்கு முன்னால் இறங்கிவிடலாம். போலீசுக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். நவம்பர், டிசம்பர் பனிமூட்டத்தில் இரண்டாம் கட்டம் வையுங்கள். ஹை பீம் போட்டால் வெளிச்சம் மூடுபனியில் பட்டுத் தன் கண்ணுக்கே திரும்பி வருவதை அங்கேதான் காட்ட முடியும். புயல் மழை என்றால் தள்ளிப் போட்டுவிடுங்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் மழையில் அந்த ரோட்டில் மண் சரிந்ததைப் பார்த்தோம்.

ஒரு நாளோடு முடித்தால் ஒரு மாதத்தில் பழைய கைக்கே போய்விடுவான். தரம் கொடுப்பதை முதல் நாளில் வைக்காதீர்கள். மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் மறுபடி வரச் சொல்லி, கூட ஒருவர் ஓட்டிப் பார்த்து, அப்போது கொடுங்கள் தங்கமும் வெள்ளியும். அந்தத் தேதியை முதல் நாள் பணம் வாங்கும்போதே ரசீதில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.